என் இடம்புரிச் சங்கு வலம்புரியான கதை

பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் என் தம்பி 2019-இல் ஒரு நாள் இரவு வாட்ஸ்அப்பில் சில படங்கள் அனுப்பினான். கடை ஒன்றில் கண்ட பிள்ளைகள் புத்தகம், அரபியில். அட்டையில் நான் வரைந்த வள்ளம். உள்ளே நான் வரைந்த மீன்கள், நண்டுகள், ஒரு சங்கு. கீழே ஒரே வரி: "அக்கா, நீ வரைந்தது வலம்புரியா?"

நான் வரைந்தது இடம்புரி. கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் குவித்துப் போட்டு விற்கிறார்களே, அந்தச் சாதாரணச் சங்குதான். வலம்புரியை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத்தான் புரிந்தது. அரபிப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். அதற்குத் தோதாகப் படங்களையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பெரும்பாலான மீன்கள் எதிர்த்திசையில் நீந்தின. அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நாக்கு மீனுக்கு இரண்டு கண்ணும் இடப்பக்கம் இருக்கும். அது வலப்பக்கம் போய்விட்டது. சங்கு தன் பிறப்பையே மாற்றிக்கொண்டது.

அப்பாவிடம் காட்டினேன். நாற்பது ஆண்டு கடலில் கிடந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "வலம்புரி என்று முன்பே சொல்லியிருந்தால் காசு கூடுதல் கேட்டிருக்கலாமே மக்கா" என்றார். சிரித்தேன். ஆனால் அந்த அரபிப் பதிப்புக்கு எனக்கு ஒரு பைசா வரவில்லை. அது வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

2017-இல் வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிடிபி மையத்தில் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, அரசியல் சுவரொட்டி, கோயில் கொடை நோட்டீஸ், எல்லாம் உண்டு. ஓய்வு நேரத்தில் எங்கள் கடற்கரையை நீர்வண்ணத்தில் வரைந்து இணையத்தில் போடுவேன். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வடக்கிலிருந்து ஒரு நிறுவனம் எழுதியது. இந்தியக் கடற்கரை உயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு படப்புத்தகம், 48 பக்கம், படங்களுக்கெல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய், மூன்று தவணையில். எங்கள் வீட்டில் அத்தனை பெரிய தொகை வலையில்தான் சிக்கும், தாளில் சிக்கியதில்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் தேடிக் கையெழுத்துப் போட்டேன். நடுப்பக்கங்களை வாசிக்கவில்லை.

அவர்களைப் பதிப்பகம் என்றே நினைத்திருந்தேன். அவர்கள் புக் பேக்கேஜர். தமிழில் இதற்கு நிலைத்த சொல் கிடையாது. புத்தகத் தயாரிப்பாளர் என்று சொல்லலாம். கல்யாணச் சமையல்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவியலைப் புகழும்போது பெண்வீட்டாரைத்தான் புகழ்வார்கள். உருளியில் கிளறியவர் பின்கட்டில் இருப்பார். பேக்கேஜர் புத்தகத்துக்கு யோசனை சொல்லி, எழுத்தாளரையும் ஓவியரையும் பிடித்து, திருத்தி, வடிவமைத்து, பல நேரம் அச்சிட்டும் கொடுத்துவிடுவார். அட்டையில் பெயர் போடுவதும் கடைக்கு அனுப்புவதும் விற்பதும் பதிப்பாளர் வேலை. இன்று உலகமெங்கும் தெரிந்த டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம்கூட 1974-இல் லண்டனில் இப்படிப் பின்கட்டுச் சமையல்காரராகத்தான் தொடங்கியது. சொந்தப் பெயரில் பதிப்பிக்க இறங்கியது 1982-இல்.

கல்யாணச் சமையலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பேக்கேஜர் ஒரு தடவை சமைத்ததைப் பத்து வீட்டுப் பந்தியில் பரிமாறுவார். ஊறுகாய் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அந்த ஊறுகாய்தான் மொழி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வள்ளத்தின் பெயரால். அட்டைப்படத்து வள்ளத்தின் மூக்கில், அப்பாவின் வள்ளத்தில் இருந்தபடியே "ஆரோக்கிய மாதா" என்று நீல வண்ணத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது: படத்துக்குள் எழுத்து கூடாது, அழித்து அனுப்புங்கள். எனக்குக் கோபம். பெயர் இல்லாத வள்ளத்தை எங்கள் ஊரில் யாராவது கடலில் இறக்குவார்களா? அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் போனில் பொறுமையாக விளக்கினார். நான்கு வண்ண அச்சுக்கு வண்ணத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட், அதாவது அச்சுத் தகடு: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. எழுத்து முழுவதையும் கறுப்பிலேயே வைத்துவிட்டால், ஆங்கிலம் ஓடி முடிந்ததும் கறுப்பு பிளேட்டை மட்டும் கழற்றிவிட்டுப் பிரெஞ்சு எழுத்துள்ள பிளேட்டை மாட்டலாம். மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கும். நீல எழுத்து ஒன்று படத்துக்குள் இருந்தால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். படத்தின் மேல் வெள்ளை எழுத்தும் இதே காரணத்தால் ஆகாது. ஜெர்மன் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளும். அதனால் எழுத்துப் பெட்டியில் காலியிடமும் விட வேண்டும். சிவகாசிக்குப் பத்து வருடமாக மல்டிகலர் வேலை அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். ஆனால் பிளேட்டை இப்படி மாற்றி மாற்றி மாட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதைக் கூட்டுப் பதிப்பு என்கிறார்கள். ஒரே நேரத்தில் மூன்று மொழிப் பதிப்பாளர்கள் ஆளுக்கு 3,000 படி வாங்கினால் 9,000 படி ஒரே ஓட்டத்தில் அச்சாகும். பிளேட் போடுவது, இயந்திரத்தை வண்ணம் ஒத்துவரும்வரை ஓட்டிச் சரிசெய்வது, இந்தச் செலவெல்லாம் 9,000 படிக்கும் பங்காகிவிடும். தனியாக 3,000 அடிக்கும் பதிப்பாளருக்கு அந்த விலை கிடைக்காது. அதனால்தான் பேக்கேஜர்கள் அக்டோபரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கும், வசந்த காலத்தில் இத்தாலியின் பொலோனா சிறுவர் நூல் சந்தைக்கும் நாலைந்து மாதிரிப் பக்கங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். புத்தகம் முடிவதற்கு முன்பே விற்றாக வேண்டும். போதுமான மொழிகள் சேரவில்லை என்றால் அந்தப் புத்தகமே பிறக்காது.

பணம் எங்கே எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நான் தடுமாறியது இங்கேதான். கூட்டுப் பதிப்பில் வெளிநாட்டுப் பதிப்பாளர் பேக்கேஜருக்குப் படி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே விலை கொடுப்பார். அச்சு, தாள், உள்ளடக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். விற்கும் படிக்கு இத்தனை சதவீதம் என்று படைத்தவருக்கு வரும் ராயல்டி பெரும்பாலும் தனியாக ஓடாது. "எனக்கு ராயல்டி எங்கே" என்று நான் கேட்டபோது அந்த நிறுவனத்தார் விழித்தது நடிப்பு அல்ல. அந்தக் குழாயில் அந்தத் தண்ணீரே வரவில்லை.

அரபிப் பதிப்பு வேறு வகை. பக்கத்தையே திருப்ப வேண்டியிருந்ததால் அவர்களால் அந்தக் கூட்டு ஓட்டத்தில் சேர முடியாது. கோப்புகளை விலைக்கு வாங்கி, உரிமைக்குத் தனியாகப் பணம் கட்டி, தங்கள் ஊரிலேயே அச்சிட்டார்கள். அந்த உரிமைப் பணம் மட்டும் பேக்கேஜருக்குத் தனியாக வந்தது. நான் பங்கு கேட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் தெளிவாக எழுதியிருந்தது: எல்லா மொழிகள், எல்லா நாடுகள், பதிப்புரிமைக் காலம் முழுவதும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. சொல்ல முடியவில்லை.

நாகர்கோவில் நீதிமன்றத்தில் நிலவழக்கு நடத்தும் ஒரு வக்கீல் அப்பாவுக்குத் தெரிந்தவர். அவரிடம் தாளைக் கொண்டுபோனேன். முழுக்கப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ பாட்டத்துக்கு விட்டாயா, கிரயம் எழுதிக் கொடுத்தாயா?" இதைவிடத் தெளிவாகப் பதிப்புரிமையை எனக்கு யாரும் விளக்கியதில்லை. பாட்டம் என்றால் இந்த மொழி, இந்த நாடு, இத்தனை வருடம் என்று எல்லை போட்டுக் கொடுப்பது. காலம் முடிந்தால் நிலம் நம்மிடம் திரும்பும். கிரயம் என்றால் கைகழுவியாயிற்று. நான் எழுதிக் கொடுத்திருந்தது கிரயம்.

பிறகு அவரே 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்து வாசித்துக் காட்டினார். 19-ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 வருடம் என்றே கொள்ளப்படும். நாடு குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, காலாவதியாகிவிடும். இந்த "வேறுவிதமாக" என்பதைத்தான் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் முதல் வேலையாக எழுதிவைக்கின்றன.

எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது 17-ஆம் பிரிவு. வெளியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டு ஒரு கதையை எழுதினால், மறுத்து ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் எழுதியவர்தான். ஆனால் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மறுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். எழுதியவருக்கு ஒரு நியாயம், வரைந்தவருக்கு வேறு நியாயம். ஒரே புத்தகத்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளருக்குத் தாள் இல்லாவிட்டாலும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு, எனக்குக் கிடையாது. வரைகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

57-ஆம் பிரிவு ஒன்றுதான் ஆறுதல். உரிமையை விற்ற பிறகும், படைத்தவர் தன் பெயரைக் கேட்கலாம். தன் மதிப்புக்குக் குறைவு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கலாம். "சங்கைத் திருப்பியதற்கு வழக்குப் போடலாமா?" என்று கேட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வழக்குப் போடவில்லை. கடிதம் போட்டேன். அடுத்த அச்சில் திருத்துவதாகப் பதில் வந்தது. அடுத்த அச்சு வந்ததா என்று தம்பிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் இப்போது வேறு துறைமுகத்தில் இருக்கிறான்.

2022-இல் இரண்டாவது புத்தகம். தக்கலையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி எழுத, நான் வரைய, என்னோடு டிடிபி மையத்தில் இருந்த தம்பி ஒருவர் வடிவமைக்க, கரமடி வலையைக் கரையில் நின்று இழுக்கும் ஒரு விடியற்காலையைப் பற்றி 32 பக்கப் படக்கதை. யாரும் கேட்டு வரைந்தது அல்ல. அதனால் 17-ஆம் பிரிவு கிட்ட வராது. பேக்கேஜர் செய்யும் வேலையை நாங்களே செய்தோம் என்று சொல்லலாம், காசைத் தவிர. வள்ளத்தின் பெயரைப் படத்தில் எழுதவில்லை. வேறு அடுக்கில், எழுத்தோடு எழுத்தாகக் கறுப்பில் வைத்தேன்.

தமிழ்ப் பதிப்பாளர் ஒருவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்பந்தம் வேண்டும் என்றதும் முகம் மாறியது. தமிழ் உரிமை மட்டும், 5 வருடத்துக்கு என்றதும் இன்னும் கொஞ்சம் மாறியது. "எல்லாம் எங்களிடமே இருக்கட்டுமே, வெளிநாட்டில் யாராவது கேட்டால் பார்த்துக்கொள்கிறோம்." கேட்டால் பார்த்துக்கொள்வது என்பது உரிமை விற்பனை அல்ல, அது தபால் பெட்டி. உரிமை விற்பதற்கென்று ஆள் வைத்து, பட்டியல் போட்டு, சந்தைக்குப் போகிற பதிப்பாளர் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். எங்கள் நாகர்கோவிலிலிருந்தே காலச்சுவடு பதிப்பகம் பல வருடமாக ஃபிராங்க்ஃபர்ட் போய் உரிமை வாங்கியும் விற்றும் வருகிறது. ஊர் சிறியது என்பதெல்லாம் சாக்கு. இவருக்கோ அப்படி ஆள் இல்லை. கடைசியில் பேசி முடித்தது இது: மற்ற மொழிகளுக்கு அவருக்கு 18 மாதம் அவகாசம், விற்றால் அவருக்கு 30 சதவீதம், விற்காவிட்டால் உரிமை எங்களிடமே. 18 மாதம் ஓடியது. உரிமை எங்களிடமே திரும்பியது.

தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. இது வாசகருக்குப் புத்தகம் விற்கும் காட்சி அல்ல. பதிப்பாளரும் முகவரும் மேசைக்கு மேசை உட்கார்ந்து உரிமை பேசும் இடம். மொழிபெயர்ப்புக்கு மானியமும் உண்டு. 2024-இல் தோழியும் நானும் இரவு ரயிலில் டம்மியை, அதாவது புத்தகத்தின் மாதிரிப் படியை, துணிப்பையில் வைத்துக்கொண்டு போனோம். கொறிக்க மட்டிப் பழமும் முந்திரிக்கொத்தும் கொண்டுபோயிருந்தோம். முந்திரிக்கொத்து இரண்டு சந்திப்புகளை எளிதாக்கியது, ஒப்பந்தம் எதையும் வாங்கித் தரவில்லை.

மலேசியாவிலிருந்து வந்த ஒரு பதிப்பாசிரியர் டம்மியை அமைதியாகப் புரட்டினார். கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை பக்கம், என்ன அளவு, எந்தெந்த மொழி விற்றிருக்கிறது, மலாய் உரிமை யார் கையில், முழு ஆங்கில வடிவம் இருக்கிறதா. இந்தக் கேள்விகளுக்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் இரண்டு மேசைகளில் நாங்கள் கரமடியின் அழகை விளக்கிக்கொண்டிருந்து நேரத்தைத் தொலைத்திருந்தோம். மூன்றாவது மேசைக்குள் ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம்.

ஆங்கில வடிவம் இருந்தது. அங்கேதான் எங்கள் சொந்தத் தவறும் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் அன்புக்காக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார். காசும் இல்லை, தாளும் இல்லை. மலாய்க்காரர்கள் தமிழிலிருந்து அல்ல, அந்த ஆங்கிலத்திலிருந்துதான் மொழிபெயர்க்கப் போகிறார்கள். மொழிபெயர்ப்பும் ஒரு தனிப் படைப்பு. அதன் உரிமை மொழிபெயர்த்தவருடையது. அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் போட மாட்டோம் என்றார்கள். ஊருக்கு வந்து டீச்சர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். அவர் காப்பி கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போடுகிறேன் பிள்ளைகளே, எனக்கு என்ன பங்கு?" என்றார். நான் பஹ்ரைன் புத்தகத்துக்காகக் கேட்ட அதே கேள்வி. தோழி என்னைப் பார்த்தாள்; நான் காப்பியைப் பார்த்தேன்.

கணக்கு இப்படி முடிந்தது. விலை 30 ரிங்கிட், முதல் அச்சு 2,000 படி, ராயல்டி 7 சதவீதம். எல்லாம் விற்றால் 4,200 ரிங்கிட். அதில் பாதி, 2,100, முன்பணம். வெளிநாட்டு முன்பணத்துக்குப் பெரும்பாலும் இதுதான் அடிப்படைக் கணக்கு. பேரம் சதவீதத்திலும் அச்சு எண்ணிக்கையிலும்தான். 7-இல் எழுத்துக்கு 3, படத்துக்கு 3, ஆங்கிலத்துக்கு 1. முகவர் யாரும் இல்லாததால் தரகு இல்லை. இருந்திருந்தால் வெளிநாட்டு உரிமையில் 20 சதவீதம்வரை போகும். மலாய் மொழி மட்டும், 5 வருடம், படங்களைத் திருப்புவதோ வெட்டுவதோ எங்கள் சம்மதத்தோடு மட்டும். இந்தக் கடைசி வரியை அவர்கள் ஏன் என்று கேட்டார்கள். சங்குக் கதையைச் சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள்.

முன்பணம் வந்த கதையைத் தனியே எழுதலாம். அங்கேயே வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். நாம் இந்தியாவில் வரி கட்டுகிறவர் என்பதற்கு வருமானவரித் துறையிடமிருந்து வதிவிடச் சான்று முன்கூட்டியே வாங்கி அனுப்ப வேண்டும். அவர்கள் பிடித்த வரிக்கான தாளை விடாமல் கேட்டு வாங்க வேண்டும். இங்கே கணக்குக் காட்டும்போது அதைக் கழிக்கலாம். வங்கியில் இருந்தவர், பணம் எதற்காக வருகிறது என்று மூன்று தடவை கேட்டார். மகன் அனுப்புகிறானா, தம்பி அனுப்புகிறானா? இந்த மாவட்டத்தில் வெளிநாட்டுப் பணம் என்றால் ஆள் அனுப்பும் பணம்தான். புத்தகம் அனுப்புகிறது என்று அவருக்குப் புரியவைக்க ஒப்பந்த நகல் தேவைப்பட்டது.

2025-இல் பத்துப் படிகள் தபாலில் வந்தன. தோழிக்கு நான்கு, எனக்கு நான்கு, டீச்சருக்கு இரண்டு. அப்பா ஒரு படியை எடுத்துப் பார்த்தார். வலையின் மடியைப் பார்த்தார், கயிற்றின் முறுக்கைப் பார்த்தார், குறை சொல்லவில்லை. பிறகு வள்ளத்தின் மூக்கில் விரலை வைத்தார். தமிழில் "ஆரோக்கிய மாதா" இருந்த இடத்தில், கறுப்பு எழுத்தில், வேறு ஏதோ எழுதியிருந்தது. அந்தப் பெயரைப் பதிப்பாளர்களே வைத்திருக்கிறார்கள்.

"இது என்ன பெயர்?"

எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிந்தாங் லாவுத். பொருள் தெரியாததால் போனில் தேடினேன். நட்சத்திர மீனுக்கு மலாயில் அதுதான் பெயர். சொல்லுக்குச் சொல் பிரித்தால் கடல் நட்சத்திரம்.

"மாதாவுக்குச் சொல்லும் பெயர்தானே" என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.